நடுவதற்கு முன் சேற்றில் யார் இருந்தார்கள்? பினாங்கில் ஐந்து நாள்

முதல் நாள்: ஜோர்ஜ் டவுன்

பினாங்கில் பாக்காவ் என்னும் அலையாத்தி மரக் கன்றை நடுவது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த நற்பணி. பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம் 1990-களின் இறுதியிலிருந்தே நட்டு வருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அரசும் நிறுவனங்களும் தொண்டர்களும் சேர்ந்துகொண்டார்கள். நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்ற கணக்கை எல்லாரும் கேட்கிறார்கள். கன்று ஊன்றிய சேற்றில் அதற்கு முன்பே குடியிருந்த புழுவும் மட்டியும் நண்டும் நத்தையும் என்ன ஆயின என்று கேட்பவர்கள் குறைவு. இந்த ஐந்து நாளும் அந்தக் கேள்வியோடுதான் கரை கரையாகப் போகிறோம்.

இன்று முழுக்கத் தளவாட வேலை. சேற்றைக் குடைந்து எடுக்க 4 அங்குலப் பிவிசி குழாய், 40 செ.மீ. நீளம். ஒரு முனையை அரத்தால் ராவிக் கூராக்க வேண்டும். வெளிப்பக்கம் 20 செ.மீ. உயரத்தில் கோடு. மறு முனைக்கு மூடி. மூடியில் துளையிட்டு ரப்பர் அடைப்பான். குழாயை அழுத்தும்போது அடைப்பானைத் திறந்து வைக்க வேண்டும், தூக்கும்போது மூட வேண்டும். மறந்து மூடியபடி அழுத்தினால் உள்ளே சிக்கிய காற்று மேல்சேற்றைத் தள்ளிவிடும். மட்டிக் குஞ்சுகள் இருப்பது அந்த மேல் இரண்டு மூன்று செ.மீ.யில்தான். திறந்தபடி தூக்கினால் சேறு முழுவதும் வழுக்கித் திரும்பக் கீழே விழும். உள்விட்டம் சரியாக 10 செ.மீ. என்றால் ஒரு குழாய் பிடிக்கும் பரப்பு 78.5 சதுர செ.மீ. எண்ணிக்கையை 127-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு வரும். கடைக்குக் கடை குழாயின் தடிமன் மாறும் என்பதால் உள்விட்டத்தை அளக்காமல் இந்த 127-ஐ நம்பக் கூடாது.

சல்லடைக் கண் 0.5 மி.மீ. குளிர்நாட்டு வழக்கப்படி 1 மி.மீ. எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வெப்பக் கடலின் புழுக்கள் மெல்லியவை, நிறைய அதில் நழுவிப் போகும். மாவு சலிக்கும் சல்லடையும் வேண்டாம். சேற்றின் எடைக்கு வலை தொய்ந்து கண் அகன்றுவிடும்.

பதப்படுத்த: கடையில் கிடைக்கும் ஃபார்மலின் 1 பங்கு, கடல்நீர் 9 பங்கு, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வெண்காரம். வெண்காரம் இல்லையென்றால் ஃபார்மலின் புளித்து, சின்ன மட்டிகளின் ஓட்டைக் கரைத்துவிடும். ரோஸ் பெங்கால் சாயம் ஒரு சிட்டிகை சேர்த்தால் உயிர்கள் இளஞ்சிவப்பாகத் தெரியும், வேர்த்துணுக்குகளிடையே தேடுவது எளிது. இரண்டு மூன்று நாள் கழித்து நீரில் அலசி 70% எத்தனாலுக்கு மாற்ற வேண்டும். அதற்கு 95% எத்தனால் 740 மில்லியோடு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்கினால் போதும். சீட்டில் பென்சிலால் எழுதி போத்தலுக்குள்ளேயே போட வேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் ஃபெரியில் இப்போது கால்நடையாக வருபவர்களும் இருசக்கர வண்டிகளும்தான் ஏறலாம். இத்தனை சாமான்களோடு போகிறவர்களுக்குப் பாலமே வழி.

இரண்டாம் நாள்: தெலுக் ஆயர் தாவார்

பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் சேற்றுத்தரை வலசைப் பறவைகளுக்குப் பேர்போனது. பறவை இங்கே இறங்குவது சேற்றுக்குள் உணவு இருப்பதால். தூண்டில்காரர்கள் ஊம்புன் என்று தோண்டி எடுக்கும் பல்சுணைப் புழு, கெராங் மட்டி, விரல் நக அளவுள்ள வேறு மட்டிகள், சேற்று நத்தை, பிடில் நண்டு. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இது காலி நிலம். நடுவதற்கு இடம் தேடுகிறவருக்கும் அப்படித்தான் தெரிகிறது. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

நாள் தேர்வு முக்கியம். வெள்ளுவாவுக்கோ (பௌர்ணமி) காருவாவுக்கோ (அமாவாசை) அடுத்த ஓரிரண்டு நாளில்தான் வற்று மிக ஆழமாக இறங்கும். வற்றின் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்கி, பின்வாங்கும் நீரைத் தொடர்ந்து வெளியே போக வேண்டும். நீர் திரும்பியதும் நாமும் திரும்ப வேண்டும். தொடை வரை புதையும் இடங்களில் பலகை மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலால் உந்திப் போவதே பாதுகாப்பு. நடந்தால் ஆளுக்கும் ஆபத்து, சேறும் மிதிபட்டு எடுக்கும் மாதிரி கெடும்.

முதலில் உயரம் அளக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி இல்லாமலே செய்யலாம். கரையிலிருந்து கடலை நோக்கி 25 மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, ஏறும் நீரின் விளிம்பு ஒவ்வொரு குச்சியையும் தொடும் நேரத்தைக் குறித்து, ஓத அட்டவணையில் அந்த நேரத்தின் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். அட்டவணை ஏற்றத்தையும் வற்றையும் மட்டும் சொன்னால், இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் நீர்மட்டம் மாறும் உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கி 1, 2, 3, 3, 2, 1 என்று மணிக்கு மணி பிரித்துக்கொள்ளலாம். காற்று பலமாக இருந்தால் கணக்கு பிசகும். மூன்று வெவ்வேறு நாள் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது.

இவ்வளவு பாடு எதற்கு? 1928-இல் மலாயா வனத்துறையின் வாட்சன், ஒரு மாதத்தில் எத்தனை முறை கடல்நீர் முழுக்காட்டுகிறது என்பதை வைத்துத் தீபகற்பத்தின் அலையாத்திக் காடுகளை ஐந்து வகுப்பாகப் பிரித்தார். மாதம் 56 முதல் 62 முறை முழுகும் தரை முதல் வகுப்பு, அநேகமாக மரமே நிற்காத இடம். 45 முதல் 59 முறை முழுகும் இரண்டாம் வகுப்பில் அப்பி-அப்பி, சொன்னரேஷியா என்னும் அலையாத்தி மரங்கள். பாக்காவ் செழிப்பது 20 முதல் 45 முறை முழுகும் மூன்றாம் வகுப்பில். எளிமையாகச் சொன்னால், அலையாத்தி வளரும் பட்டை சராசரிக் கடல் மட்டத்துக்கும் உவா நாளின் உச்ச ஏற்றத்துக்கும் இடையில் இருக்கிறது. அதற்குக் கீழே திறந்த சேறு; அது மட்டியின் ஊர்.

அந்தக் கீழ்ச்சேற்றில் கன்று நட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். பெரும்பாலும் கன்று செத்துவிடும். தண்டில் கொட்டலசு அப்பி, அதன் எடையில் கன்று சாய்ந்து, அலையில் பிடுங்கிக்கொண்டு போகும். தொண்டர்கள் கொட்டலசைச் சுரண்டி எடுக்கிறார்கள். பட்டை உரிந்து கன்று இன்னும் சீக்கிரம் சாகிறது. கொட்டலசு நோயல்ல. நீருக்குள் நெடுநேரம் கிடக்கும் பொருளில்தான் அது அடர்ந்து ஒட்டும். கன்றின் முக்கால் உயரத்துக்கு அது ஏறியிருந்தால், நட்ட மட்டம் தவறு என்று பொருள். அத்தோடு, கன்றுக்கு முட்டாகக் கட்டிய மூங்கிலும் விட்டுப்போன பாலிபேக்கும் சேற்றிலேயே கிடக்கும். மென்சேற்றில் கடினப் பரப்பே இல்லாத இடத்தில் இப்போது கொட்டலசும் பாறைச் சிப்பியும், அவற்றைத் துளைத்துத் தின்னும் நத்தையும் குடியேறுகின்றன. நத்தை முட்டிலேயே நிற்பதில்லை, பக்கத்துச் சேற்றில் இறங்கி இளம் கெராங்கையும் தேடுகிறது.

இரண்டாவது, கன்று பிழைத்துக்கொள்வது. எல்லாரும் மகிழும் முடிவு இது. சேற்றுக்குள் நடப்பதோ வேறு. தண்டுகளிடையே நீரோட்டம் தளர்ந்து மிக நுண்ணிய வண்டல் படியும். மேலிருந்த பழுப்பு நிறப் படலம், அதாவது உயிர்வளி புகும் படலம், மெலிந்து கருஞ்சேறு மேலுக்கு வரும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். கெராங் மேல்மட்டத்திலேயே புதைந்து, நீரை வடிகட்டி உண்பது. அதற்கு மிதமான ஓட்டமும் வேர் இல்லாத மென்சேறும் வேண்டும். வேர்ப்பின்னல் அடர அடர கெராங் ஒதுங்கும், நீளமான ஊம்புன் புழு குறையும். இலைக்குப்பை தின்னும் நத்தைகளும், கெட்ட சேற்றைத் தாங்கும் கேப்பிட்டெல்லா போன்ற சிறு புழுக்களும் ஏறும். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு முன்னைவிட வளமாகக்கூடத் தோன்றும். யார் போனார்கள், யார் வந்தார்கள் என்ற பெயர்ப்பட்டியல்தான் உண்மையைச் சொல்லும். பறவைக்கும் இதில் இழப்பு உண்டு. நீண்ட அலகுப் பறவை தின்னும் புழு போய்விட்டது, கழுகு மறையும் உயரத்தில் மரம் வந்துவிட்டது. சேற்றுப் பறவைகள் மரத்துக்கு அருகே இரை தேடத் தயங்கும்.

மாதிரி எடுக்கும் முறை: நட்ட பகுதி, நடாத அதே மட்டத்துச் சேறு, இயற்கையாக நிற்கும் பழைய காடு ஆகிய மூன்றிலும் ஐந்து ஐந்து குழாய். நடாத சேறு இல்லாமல் ஒப்பிட்டால் பருவ மாற்றத்தை நடவின் விளைவு என்று எழுதிவிடுவோம். நடுவதற்கு ஓராண்டு முன்பே ஒருமுறை எடுத்திருந்தால் இன்னும் உறுதி. நாம் கேள்விப்படும் திட்டங்களில் இந்த ‘முன்’ மாதிரிதான் வழக்கமாக இருக்காது.

சலிக்கும்போது விரலால் தேய்க்கக் கூடாது, குழாய் நீரைப் பீய்ச்சவும் கூடாது. சல்லடையை வாளி நீரில் முக்கி முக்கி ஆட்ட வேண்டும். புழு அறுந்தால் தலையை மட்டும் எண்ண வேண்டும், வாலையும் சேர்த்தால் கணக்கு இரட்டிக்கும். நட்ட பகுதி மாதிரியில் வேர்நார் அடைத்துக்கொண்டு ஒரு குழாய்க்கு மூன்று நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அலுப்பில் நாரை அப்படியே வீசினால் அதற்குள் சுருண்டிருக்கும் புழுவும் போய்விடும். போத்தலில் மாதிரி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் ஃபார்மலின் நீர்த்து உள்ளே அழுகும்.

நண்டுக்குக் குழாய் உதவாது. நிலம் அதிர்ந்தாலே அலவன் ஆழம் போய்விடும். 50 செ.மீ. சதுரச் சட்டம் வைத்து வளைகளை எண்ணலாம், ஒரு நண்டுக்கு இரண்டு வாயில் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்து. சேற்று மட்டத்துக்கு வாய் வரும்படி வாளி புதைத்து விடுவது கூடுதல் நம்பகம். ஏற்ற நீர் வரும் முன் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள்: நிபோங் திபால்

இரண்டாம் பாலம் வழியே பத்து கவான் இறங்கித் தெற்கே. இந்தச் சமவெளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்காகப் பாரிட் (வடிகால்) வெட்டியதும் வரப்பு உயர்த்தியதும் பெருமளவு தமிழ்க் கைகள். பிறகு ரப்பர், பிறகு செம்பனை. கரையோரத்தில் பின்னாளில் இறால் குளங்கள். இன்று கைவிட்ட குளங்களின் வரப்பை உடைத்து மறுபடி ஓதம் புகவிட்டு அலையாத்தியை மீட்பது உலகம் முழுக்கப் பரவிவரும் முறை. கன்று நடுவதைவிட இது சிறந்தது என்பதே எங்கள் எண்ணம். நீர் வந்தால் விதை தானே வரும், தனக்கேற்ற மட்டத்தில் தானே ஊன்றும். ஆனால் அவசரமாக உடைத்தால் இதைப் போலக் கெடுதல் வேறில்லை.

காரணம் மண்ணில் இருக்கிறது. அலையாத்தி மண்ணில் பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடு நிறைய உண்டு. நீருக்கடியில் கிடக்கும் வரை சாது. குளம் வற்றிக் காற்றுப் பட்டால் சல்ஃபூரிக் அமிலமாகும். மண்ணில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் ஏற்கெனவே புளித்துவிட்டது என்று அறியலாம். வரப்பை உடைத்ததும் அந்த அமிலம், கரைந்த அலுமினியம், இரும்பு எல்லாம் இறங்கும் நீரோடு ஓடைக்குப் போகும். ஓடையின் நீர் கலந்ததும் இரும்பு ஆரஞ்சு நிறக் கசடாக உறைந்து நண்டின், இறாலின் செவுளை அடைக்கும். நத்தையின் ஓட்டு நுனி அரித்து வெள்ளையாகும். பிஎச் 4-க்குக் கீழே போன குளத்தில் நத்தையும் மட்டியும் அநேகமாக இருக்காது. கொசுவைப் போன்ற சிறு பூச்சியின் சிவப்பு நிறப் புழுக்களும் நீர்ப்பூச்சிகள் சிலவும் மட்டும் ஏராளமாக இருக்கும். எண்ணிக்கை ஏறி வகை குறைவதை மீட்சி என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

உடைக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை: குளத்தின் அடியிலும் வரப்பிலும் 25 செ.மீ. ஆழத்துக்கு ஒன்றாக மண் எடுத்து, ஒரு பகுதியை நீரில் குழைத்து பிஎச் பார்க்க வேண்டும். இன்னொரு பகுதியை வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குழாயில் அரைக் கரண்டி போட்டு, பிஎச் 5 அளவுக்குச் சரிசெய்த 30% ஹைட்ரஜன் பெராக்சைடு சில மில்லி ஊற்ற வேண்டும். கொதித்து நுரைக்கும், ஆவி வரும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், வாயகன்ற குழாயாக இருந்தால் நல்லது. அடங்கி ஆறிய பின் பிஎச் 3-க்குக் கீழே இருந்து, முதல் அளவைவிட ஒன்றுக்கு மேல் இறங்கியிருந்தால் பைரைட் இருக்கிறது என்பதற்கு அது வலுவான அடையாளம். பெராக்சைடைச் சரிசெய்யாமல் ஊற்றினால் பயனில்லை. கடையில் வருவதே புளிப்பாக இருக்கும், எல்லா மண்ணும் கெட்டதாகக் காட்டும்.

வரப்பை எங்கே உடைப்பது என்பதும் பெரிய கேள்வி. பழைய ஓடை ஓடிய இடத்தில்தான் உடைக்க வேண்டும். ஓடைத்தடம் பழைய வான்படங்களில் தெரியும், தரையிலும் சற்றே தாழ்ந்த கோடாகத் தெரியும். வசதியான ஓரத்தில் ஒரே ஒரு வாய் வைத்தால் வாயருகே அரிப்பு, மூலையில் தேக்கம். அந்தத் தேக்கத்தில் உவா நாளில் மட்டும் கடல்நீர் எட்டி, மீதி நாள் வெயிலில் உவர்ப்பு ஏறும். கியூலெக்ஸ் சிட்டியென்ஸ் கொசுவும், மலேரியா பரப்பக்கூடிய அனாஃபிலிஸ் எபிரோட்டிகஸ் கொசுவும் இத்தகைய வெயில் படும் உவர்க்குட்டையில் முட்டையிடும். மீட்டெடுத்த நிலம் கிராமத்துக்குக் கொசு அனுப்பினால் அடுத்த திட்டத்துக்கு ஊரார் இடம் தர மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1980-களிலிருந்து செய்யும் வழி ஒன்று உண்டு. தேங்கும் குட்டைகளை 30 செ.மீ.க்கு மேல் ஆழம் போகாத வாய்க்காலால் ஓடையோடு இணைப்பார்கள். சிறு மீன் உள்ளே வந்து புழுவைத் தின்னும், நீரும் நிற்காது. ஆழமாக வெட்டினால் பைரைட் மண் மறுபடி காற்றுப் படும். அந்த 30 செ.மீ. வரம்பு அதற்காகத்தான்.

நீர் சோதிக்கும் நேரம் பற்றி ஒன்று. ஏற்றத்தில் பிஎச் எடுத்தால் எப்போதும் நன்றாகவே வரும், ஏனென்றால் அளப்பது கடல்நீரை. வற்றின் கடைசி அரை மணியில், வாயிலிருந்து வடியும் நீரை அளக்க வேண்டும். நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழைக்கு மறுநாள்தான் மிக மோசமான அளவு கிடைக்கும்.

இரவு: சுங்கை கெரியான். மின்மினி பார்க்கப் படகில் வருகிறவர்கள் அண்ணாந்து பெரம்பாங் மரத்தைப் பார்க்கிறார்கள். மின்மினியின் பெரும்பகுதி வாழ்க்கை கீழே, ஓதம் நனைக்கும் ஈரமண்ணில், புழுவாக, சிறு நத்தைகளைத் தின்று கழிகிறது. ஆற்றோரம் ஒரு வரிசை பெரம்பாங் மட்டும் நட்டுப் பின்னால் நிப்பாப் பனையையும் புதரையும் வெட்டிக் கரையைச் சமன் செய்தால் நத்தை போகும்; நத்தை போனால் மரம் இருந்தும் விளக்கு எரியாது.

நான்காம் நாள்: பாலிக் புலாவ் கரை

மலையைச் சுற்றித் தீவின் மேற்குப் பக்கம். இங்கே கவனிக்க வேண்டியது அலை தடுக்கப் போடும் கல்வரிசை. கல்லுக்குப் பின்னால் சேறு படிந்து மரம் பிடிக்கிறது. கல்லில் சிப்பியும் நெரிட்டா நத்தையும் ஒட்டுகின்றன. ஆனால் பெலாங்காஸ் என்னும் குதிரைலாட நண்டு என்ன செய்யும்? டாக்கிபிளியஸ் கிகாஸ் இனம் உவா நாளின் ஏற்றத்தில் மணற்கரையின் மேல்பகுதிக்கு ஏறி வந்து முட்டையைப் புதைப்பது. கல்வரிசை தொடர்ச்சியாக இருந்தால் ஏற முடியாது, இடுக்கில் கவிழ்ந்து வெயிலில் சாகும். மணல் திட்டு உள்ள இடத்திலெல்லாம் கல்லில் இடைவெளி விட வேண்டும், அங்கே கன்றும் நடக் கூடாது.

நட்டு ஆண்டுகள் பல ஆன காட்டில் நல்ல செய்தியும் இருக்கிறது. செசார்மிட் நண்டுகள் பக்கத்துப் பழங்காட்டிலிருந்து வந்து இலையை வளைக்குள் இழுத்துப் போகின்றன. மண் கிளறப்பட்டு உயிர்வளி புகுகிறது, மலாய்க்காரர் சிப்புட் செடுட் என்று தேங்காய்ப்பாலில் சமைக்கும் செரிதிடியா நத்தை வேரில் ஏறுகிறது. அருகில் தாய்க்காடு இல்லாத இடத்தில் இலை குவிந்து அழுகுகிறது. நெருக்கி நட்ட ஒற்றையினப் பாக்காவில் இது இன்னும் மோசம். தரைக்கு வெளிச்சமே எட்டாமல், வெளிச்சத்தில் வளரும் நுண்பாசியைச் சுரண்டித் தின்னும் பிடில் நண்டு வெளியேறிவிடும்.

ஐந்தாம் நாள்: நன்னீர்க் குளங்கள்

பினாங்கில் வெள்ளநீர்க் குளங்களை ஈரநிலமாக மாற்றும் வேலைகளில் திரும்பத் திரும்பக் காணும் கேடு, செடியோடு வரும் நத்தை. பொன் ஆப்பிள் நத்தை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மலேசியாவில் 1990-களின் தொடக்கத்திலேயே பதிவானது. தாமரைக் கிழங்கின் சேற்றில் குஞ்சாகவும், தண்டில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தாகவும் வரும். குளத்தில் இறங்கியதும் நட்ட செடியையே தின்னும். செடி போனால் அதிலிருந்த ஊட்டம் நீரில் கலந்து, தெளிந்த குளம் பச்சைக் குழம்பாகும். தும்பியின் இளநிலை ஏறி வெளிவர நிமிர்ந்த தண்டு வேண்டும், அதுவும் இல்லாமல் போகும். வாங்கும் செடியை வேர்மண் போக அலசி, தனித் தொட்டியில் குறைந்தது மூன்று வாரம் வைத்துத் தினம் பார்க்க வேண்டும். முட்டை பொரிய ஓரிரண்டு வாரம் ஆகும். முட்டைக் கொத்தை நீரில் தள்ளிவிட்டால் போதும் என்பார்கள். வெளுத்துப் பொரியும் தறுவாயில் இருப்பவை தப்பிவிடலாம், நசுக்குவதே சரி. எலி நுரையீரல் புழு இந்த நத்தையில் இருக்கக்கூடும், கையுறை வேண்டும்.

கொசுவுக்காகக் கப்பி மீனும் கம்பூசியாவும் விடுவது இன்னொன்று. டெங்கி பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் டின், டயர், பூச்சாடித் தட்டில்தான் முட்டையிடுகிறது, திறந்த குளத்தில் அல்ல. மீனோ நீர்த்தெள்ளையும் தும்பி இளநிலையையும் தின்று தீர்க்கிறது. பாசியை மேயும் நீர்த்தெள்ளு போனதும் பாசி பெருகுகிறது. தூர் வாரும்போது சேற்றோடு கரையில் கொட்டப்படும் நன்னீர் மட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாரிய சேற்றை ஒரு மணி நேரத்துக்குள் கிளறி, உள்ளூர் இனங்களைப் பொறுக்கி வாராத பகுதியில் விடலாம். குளத்தை ஒரே ஆண்டில் முழுதும் வாராமல் மூன்றில் ஒரு பங்காக வாரினால் இந்தச் சிரமமே பாதியாகும்.

இங்கே மாதிரிக்கு ‘டி’ வடிவ வலை, கண் 0.5 மி.மீ. செடியோரம், திறந்த நீர், அடிச்சேறு என்று மொத்தம் மூன்று நிமிடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம், தனித்தனிப் போத்தல். வெள்ளைத் தட்டில் கொட்டி ஐந்து நிமிடம் அசையாமல் பார்க்க வேண்டும். பயந்து செத்ததுபோல் கிடப்பவை அப்போதுதான் நகரும்.

கிளம்பும் முன் வலை, பூட்ஸ், வாளி எல்லாவற்றையும் அதே குளத்தின் கரையிலேயே தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். வெயிலில் காயப் போட்டால் போதும் என்று நினைக்கலாம். ஆப்பிள் நத்தை வாயை மூடிக்கொண்டு நீரில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வலையின் மடிப்பையும் பூட்ஸின் அடிப்பள்ளத்தையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றினோம்.